வளவில் ஒரு யோகா வகுப்பு: தாடாசனத்தை முறையாகப் பழகுவது எப்படி

ஊருக்குப் பொதுவான யோகா வகுப்பைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே சூரிய நமஸ்காரத்தில் இறங்கிவிடுகிறார்கள். 12 நிலைகள் கொண்ட அந்தப் பயிற்சி பார்ப்பதற்கு நிறைவாக இருக்கும் என்பதும், செய்து முடித்தவர்களுக்கு வியர்வையோடு ஒரு திருப்தியும் கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் காலை வகுப்புக்கு வந்து நிற்கிறவர்கள் யார் என்று பார்த்தால் அந்த அவசரம் பொருந்தாது என்பது விளங்கும். பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள், முழங்கால் வலியோடு வரும் ஆச்சிமார்கள், நாள் முழுதும் கடையில் நின்று வியாபாரம் பார்ப்பவர்கள், விடுமுறைக்கு ஆயா வீட்டுக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகள் என்று ஒரே வரிசையில் எல்லா வயதினரும் நிற்பார்கள். இவர்களுள் யாரும் பின்தங்காமல், யாரும் கூச்சப்படாமல், ஒரே நேரத்தில் செய்வதற்கு, நேராக நிற்பதையே பயிற்சியாகக் கொண்ட தாடாசனத்தைவிடப் பொருத்தமான ஆசனம் வேறில்லை. சூரிய நமஸ்காரமே நின்ற நிலையில் தொடங்கி நின்ற நிலையில்தான் முடிகிறது என்பதால், நிற்கத் தெரியாமல் அதற்குள் நுழைவது எப்படியும் பலனளிக்காது. ஆகவே முதல் இரண்டு வாரங்களை நிற்பதற்கே ஒதுக்கிவிடுங்கள் என்பதுதான் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை.

தாடாசனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கற்பிக்கப்படுவதில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் வழியில் பயின்றவர்கள் கைகளைத் தொடையோரம் தொங்கவிட்டு இரு பாதங்களையும் தரையில் முழுமையாகப் பதித்து நிற்பதைத் தாடாசனம் என்கிறார்கள். அதையே அவர்கள் சமஸ்திதி என்றும் சொல்வதுண்டு. பிகார் யோகப் பள்ளியின் வழியில் வந்தவர்களோ கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திக் குதிகால்களையும் தூக்கி நிற்பதைத்தான் தாடாசனமாகக் கற்பிக்கிறார்கள். சென்னையில் ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டு வந்தவரும் திருச்சியில் வேறொரு வகுப்பில் கற்றுக்கொண்டு வந்தவரும் உங்கள் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு விதமாகச் செய்தால், இருவரும் சரியாகத்தான் செய்கிறார்கள். முதல் வகையில் உறுதி வந்த பிறகு இரண்டாவதற்குப் போவது என்ற வரிசையை இங்கே பின்பற்றுவோம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளிக்கூடக் கூடமோ, சங்கக் கட்டடமோ, முகூர்த்தம் இல்லாத நாள்களில் திருமண மண்டபமோ எதுவும் போதும். ஆனால் செட்டிநாட்டில் வேறு எங்கும் கிடைக்காத வசதி ஒன்று இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகளில் ஏதேனும் ஒன்றின் வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதி, கிடைத்துவிட்டால், காற்றோட்டமும் நிழலும் இடமும் ஒருசேர அமைந்துவிடும். அப்படி ஒரு வீட்டைக் கேட்கப் போகும்போது சாவி வைத்திருப்பவரின் சம்மதம் மட்டும் போதாது. அந்த வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக இருப்பார்கள். அவர்களுள் ஒருவர் சிங்கப்பூரிலும் மற்றொருவர் கோயம்புத்தூரிலும் இருக்கக்கூடும். எல்லாரிடமும் சொல்லி, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குவது பின்னால் வரும் மனவருத்தத்தைத் தவிர்க்கும். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்து வழிபடும் சடங்கு) போன்ற விசேஷங்களுக்கு வீடு தேவைப்படும் நாள்களை ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நாள்களுக்கு மாற்று இடத்தையும் சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் எங்கே நிற்பது என்பதிலும் கவனம் தேவை. நடுவிலுள்ள முற்றம் திறந்தவெளியாக இருப்பதால் அங்கே நிற்கத்தான் பலருக்கும் ஆசை வரும். ஆனால் மழைத் தண்ணீர் வடிவதற்காக முற்றத்துக் கல்தளம் லேசான சரிவோடு அமைக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு ஒரு காலின் மேல் கூடுதல் எடையை ஏற்றி, நேராக நிற்கப் பழகுகிறவரைக் குழப்பிவிடும். முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் வரிசைக்கு உட்புறமாக இருக்கும் தாழ்வாரமே சரியான இடம்.

அங்கே ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் நல்லது, எச்சரிக்கையும் வேண்டும். நிறம் கலந்த சிமெண்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி வார்ப்பதால் அந்தக் கல்லின் மேற்பரப்பு கண்ணாடியின் வழவழப்பைப் பெற்றுவிடுகிறது. வெறுங்காலுக்கு அது குளிர்ச்சியாகவும் சுகமாகவும் இருக்கும். ஈரம் பட்டாலோ எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தாலோ வழுக்கும். வகுப்பு நாளன்று தரையைக் காலையில் கழுவ வேண்டாம், முந்தைய நாள் மாலையே ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள் என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி வைக்க வேண்டும். மலிவான யோகா விரிப்புகள் இந்தத் தரையில் நகர்ந்து போகும். நின்று செய்யும் பயிற்சிக்கு விரிப்பே தேவையில்லை என்பதால், விரிப்பு வாங்கி வந்தால்தான் வகுப்பில் சேரலாம் என்று யாரையும் செலவுக்கு உள்ளாக்காதீர்கள். கடைசியில் படுத்து ஓய்வெடுப்பதற்கு வீட்டிலிருக்கும் ஜமுக்காளமோ கோரைப்பாயோ போதும். இந்தக் கற்களால் மற்றொரு நன்மையும் உண்டு: கல்லும் கல்லும் சேரும் நேர்கோடுகள் தரை முழுதும் கட்டம் போட்டது போல இருப்பதால், பாதத்தின் வெளிவிளிம்பை ஒரு கோட்டோடு ஒட்டி வைத்தாலே இரு பாதங்களும் இணையாக இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

காலை 6 மணியிலிருந்து 7 மணி வரையிலான நேரமே இங்கே பொருந்தும். பங்குனி, சித்திரையில் 8 மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைச்சாரல் தாழ்வாரத்தின் விளிம்பு வரை நனைக்கும் என்பதால் வரிசையை உள்ளே தள்ளிப் போட வேண்டும். ஊருணிக்கு அருகிலுள்ள வீடாக இருந்தால் கொசுவுக்கும் வழி பார்த்துக்கொள்ள வேண்டும். அசையாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொசுக்கடிக்கு நடுவே விட்டுவிடுவது நியாயமில்லை.

நிற்கும் முறை

உடையைப் பொறுத்தவரை கட்டாயம் எதுவும் வேண்டாம். சுடிதாரோ, வேட்டியோ, கால்சட்டையோ எதுவானாலும் கணுக்கால் தெரிய வேண்டும். சேலையில் வருகிறவர்கள் கணுக்காலுக்கு மேலே ஏறும்படி கொசுவத்தைச் சற்றே உயர்த்திக் கட்டிக்கொண்டால் போதும். இந்த ஆசனத்தில் ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டியது பாதங்களைத்தான், அவை துணிக்குள் மறைந்திருந்தால் திருத்தமே சொல்ல முடியாது.

பாதங்களை ஒட்டி வைப்பதா, இடைவெளி விடுவதா என்ற கேள்வி வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடும். பெருவிரல்களும் உள்ளங்கணுக்கால்களும் தொட்டுக்கொள்ளும்படி நிற்பது பழகியவர்களுக்கு உரியது. புதியவர்களும் வயதானவர்களும் உடல் பருத்தவர்களும் இடுப்பகலத்துக்குப் பாதங்களை அகற்றி நிற்க வேண்டும். தாங்கும் தளம் அகலமானால் தள்ளாட்டம் குறையும் என்பதே காரணம். இதைக் குறைபாடாக எண்ணிப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பாதங்களை மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டு வருபவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களைப் பெயர் சொல்லித் திருத்தாமல், எல்லாருக்கும் பொதுவாக ஒருமுறை சொன்னால் போதும்.

பாதங்களை வைத்த பிறகு, இரண்டாம் விரல்கள் நேர் முன்னால் பார்க்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு கால்விரல்கள் பத்தையும் தரையிலிருந்து தூக்கி, ஒன்றையொன்று தொடாதபடி விரித்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் இது வராது. விரல்கள் எல்லாம் சேர்ந்தே இறங்கும். வராவிட்டாலும் முயற்சியே பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் தசைகளை விழிக்கச் செய்கிறது. விரல்களைத் தூக்கியபோது உடல் பின்னால் சாயவில்லை என்றால் எடை ஏற்கெனவே ஓரளவு பின்பக்கம்தான் இருந்திருக்கிறது. தடுமாறினால் எடை முன்பாதத்தில் குவிந்திருந்தது என்று பொருள்.

எடையை நடுவுக்குக் கொண்டுவருவதற்கு எளிய வழி இருக்கிறது. குதிகால் தரையை விட்டு எழாமல் உடல் முழுவதையும் ஒரே துண்டாக முன்னால் சாயுங்கள், பிறகு பின்னால் சாயுங்கள். இந்த ஆட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்தப் பக்கமும் இழுக்காத இடத்தில் நின்றுவிடுங்கள். அடுத்து வலம் இடமாக அதையே செய்யுங்கள். இப்போது பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகாலின் நடு ஆகிய மூன்று இடங்களிலும் தரை சமமாக அழுத்துவதை உணர வேண்டும். பித்தவெடிப்போ ஆணியோ உள்ளவர்கள் தம்மையறியாமல் வலிக்கும் இடத்தைத் தவிர்த்து எடையை மாற்றி வைப்பார்கள். அவர்களுக்கு முதலில் பாதத்துக்கு வைத்தியம் தேவை, திருத்தம் அதற்குப் பிறகுதான்.

முழங்காலில்தான் அதிகமான தவறு நடக்கிறது. முழங்காலை நேராக்குங்கள் என்று சொன்னவுடன் பலர் அதைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். மூட்டின் பின்புறத் தசைநார்கள் இழுபடுவதோடு, தொடைத் தசை வேலை செய்யாமல் எலும்பு மேல் எலும்பு சாய்ந்து நிற்கும் நிலை அது. நீண்ட நேரம் முழங்காலைப் பூட்டி அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும் வேலை நின்றுபோய், இரத்தம் காலிலேயே தேங்கித் தலைசுற்றல் வரக்கூடும். பள்ளி அணிவகுப்பில் மாணவர்கள் மயங்கி விழுவதற்கும் இது ஒரு காரணம். சரியான முறை இதுதான்: முழங்காலை மயிரிழை மடக்கித் தளர்த்துங்கள், பிறகு தொடையின் முன்தசையைச் சுருக்கி முழங்கால் சில்லை மேல்நோக்கி இழுங்கள், ஆனால் மூட்டு பின்னால் போக விடாதீர்கள். சில்லு மேலேறுகிறதா என்பதைக் குனிந்து பார்த்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இடுப்புக்கு வருவோம். குழந்தையையோ தண்ணீர்க் குடத்தையோ ஒரே இடுப்பில் வைத்துப் பல ஆண்டுகள் பழகிய பெண்களுக்கும், கல்லாவில் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றே பழகிய ஆண்களுக்கும் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, இரு பக்கமும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று தாமே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வால் எலும்பைத் தரையை நோக்கி நீட்டுவதாக நினைத்து அடிவயிற்றை மெல்ல உள்ளிழுக்க வேண்டும். வயிற்றை இறுக்கி எக்கிக்கொள்வது வேறு, இது வேறு. எக்கிக்கொண்டால் மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்றுவிடும். மூச்சு விடும்போது வயிறு இயல்பாக அசைய இடமிருக்கும் அளவுக்கு மட்டுமே இழுப்பு போதும்.

நெஞ்சை நிமிர்த்துங்கள் என்ற சொல்லையும் நான் தவிர்ப்பேன். அதைக் கேட்டவுடன் எல்லாரும் கீழ் விலா எலும்புகளை முன்னால் தள்ளி இடுப்பு முதுகை வளைத்துவிடுகிறார்கள். மாறாக, தோள்களைக் காதுவரை தூக்கி, பின்னால் உருட்டி, கீழே விடச் சொன்னால் மார்பு தானாகவே விரியும். கைகள் உடலோரம் தொங்கட்டும். உள்ளங்கைகள் தொடையைப் பார்க்கட்டும். விரல்களை விறைப்பாக நீட்ட வேண்டியதில்லை. தலையைப் பொறுத்தவரை, கைபேசி பார்த்துப் பழகிய கழுத்து இப்போது எல்லா வயதினருக்கும் முன்னால்தான் நீண்டிருக்கிறது. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை முதுகெலும்புக்கு நேர் மேலே இல்லாவிட்டால், பிடரித் தசைகள் நாள் முழுதும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோவாயைத் தாழ்த்தாமல் நேர் பின்னால் ஓர் அங்குலம் தள்ளினால் தலை தன் இடத்துக்கு வந்துவிடும். பார்வை கண்மட்டத்தில், எதிரிலுள்ள தூணின் மேல் ஒரு புள்ளியில் நிலைக்கட்டும்.

இவ்வளவையும் சேர்த்து, மூக்கு வழியாக ஐந்து முதல் பத்து மூச்சுகள் வரை நில்லுங்கள். புதியவர்களுக்கு அரை நிமிடமே போதும். இடையில் நடந்துவிட்டு மறுபடியும் மூன்று நான்கு முறை செய்வது, ஒரே மூச்சாக ஐந்து நிமிடம் நிற்பதைவிட நல்லது.

நேராக நிற்பதாக நினைத்துக்கொள்வதும் நேராக நிற்பதும்

"சும்மா நிற்கிறதுக்கு என்ன மாஸ்டர் வகுப்பு?" என்று கேட்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். அவருக்கு வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை, கொத்தனாரிடமிருந்து தூக்குக்குண்டை ஓர் அரை மணி நேரத்துக்கு வாங்கி வந்தால் போதும். தாழ்வார உத்தரத்திலிருந்து அதன் நூலைத் தொங்கவிட்டு, கேள்வி கேட்டவரை நூலுக்குப் பக்கவாட்டில், தம் இயல்புப்படி நிற்கச் சொல்லுங்கள். நூல் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் விழும்படி அவர் பாதத்தைச் சரிசெய்த பிறகு மேலே பாருங்கள். முழங்கால் மூட்டின் நடுவுக்குச் சற்று முன்னாலும், தொடை எலும்பு இடுப்போடு சேரும் புறப்புடைப்பின் மேலும், தோள் முனையின் மேலும், காது மடலின் மேலும் அந்த நூல் செல்வதே ஒழுங்கான நிலை. பெரும்பாலானவர்களுக்கு இடுப்பு நூலுக்கு முன்னால் தள்ளியும் காது அதைவிட முன்னால் தள்ளியும் இருக்கும். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுத்து அவரிடமே காட்டிவிடுங்கள். படத்தை அவர் கைபேசியிலேயே எடுப்பது நல்லது, ஒருவரின் படம் மற்றவர் கைக்குப் போகாது.

சுவரோடு நின்று பார்ப்பது இன்னும் எளிது. குதிகால்கள் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியிருக்க, புட்டமும் தோள்பட்டை எலும்புகளும் பின்தலையும் சுவரைத் தொட வேண்டும். இடுப்பு முதுகுக்கும் சுவருக்கும் நடுவே விரித்த உள்ளங்கை நுழையும் இடைவெளி இருப்பது இயல்பு. மடக்கிய கைமுட்டியே நுழைந்துவிட்டால் முதுகு அதிகமாக வளைந்திருக்கிறது. முதுகு கூன் விழுந்த பெரியவர்களுக்குத் தலை சுவரைத் தொடாது. அவர்கள் தலையைப் பின்னால் தள்ளித் தொட முயலக் கூடாது. மடித்த துண்டைத் தலைக்கும் சுவருக்கும் நடுவே வைத்துக்கொண்டால் போதும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு போல் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எண்ணெய் வைத்த தலைகள் அதில் வரிசையாகத் தடம் பதித்துவிட்டுப் போனால் அடுத்த மாதம் வீடு கிடைக்காது, ஆகவே ஒரு வேட்டியைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கைகளை உயர்த்துதல்

கீழ்நிலை உறுதியானதும் இரண்டாவது வகையைத் தொடங்கலாம். விரல்களைக் கோத்து உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்பி, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைத் தலைக்கு மேல் நீட்டுங்கள். மூச்சு நிறையும்போது குதிகால்களும் எழட்டும். மூச்சை விட்டுக்கொண்டே குதிகால்களையும் கைகளையும் சேர்த்தே இறக்குங்கள். அசைவின் நீளமும் மூச்சின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழகாதவர்கள் கையை விரைவாகத் தூக்கிவிட்டு மூச்சுக்காகக் காத்திருப்பார்கள். குதிகால் எழும்போது கணுக்கால்கள் வெளிப்புறம் சரியாமல், எடை பெருவிரல் மேட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது முக்கியம், ஏனெனில் கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் வெளிப்புறம் சரியும்போதுதான். தோள் இறுகியவர்கள் விரல்களைக் கோக்காமல் கைகளைத் தோளகலத்தில் உயர்த்தலாம், காதுவரை கொண்டுவர முடியாவிட்டாலும் பரவாயில்லை.

தை மாதத்தில் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வகுப்பில் இருந்தால், மார்கழி முழுவதும் இந்தக் குதிகால் தூக்கும் பயிற்சியையும் விரல்களை விரிக்கும் பயிற்சியையும் அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். கெண்டைக்காலும் பாதமும் அதனால் உரம் பெறும். இது நடைப்பயிற்சிக்கு மாற்றாகாது, நடந்தும் பழக வேண்டும். யாத்திரை முடிந்து கொப்புளத்தோடு திரும்பியவர்களைத் தோல் ஆறும் வரை உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளில் வைத்திருங்கள்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

ஒருவர் மட்டும் கற்பிக்கும் வகுப்பில் இருபது பேருக்கு மேல் சேர்க்காமல் இருப்பது நல்லது. எல்லாருடைய பாதங்களையும் ஒரு சுற்றில் பார்த்துவிட முடிய வேண்டும். எதிரே நின்று கற்பிக்கும்போது வலது, இடது என்று சொன்னால் பாதிப் பேர் ஆசிரியரைப் பார்த்து மாற்றிச் செய்வார்கள். அதற்குப் பதிலாக, தெருப்பக்கக் கை, முற்றத்துப் பக்கக் கால் என்று இடத்தைச் சொல்லுங்கள், யாருக்கும் குழப்பம் வராது.

தொட்டுத் திருத்துவதை இயன்றவரை தவிர்க்கவும். தேவைப்பட்டால் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே தொட வேண்டும்; வயதானவர்கள் ஆசிரியர்மேல் உள்ள மரியாதையால் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். "ஆச்சி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்கிருங்க" என்று பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னால் அந்த ஆச்சிக்கும் மனம் நோகாது, பக்கத்தில் நிற்கும் மூன்று பேரும் தம் முழங்காலைத் தாமே தளர்த்திக்கொள்வார்கள். ஒலிபெருக்கியில் திருத்தம் சொல்லும் வழக்கம் இருபது பேர் வகுப்புக்குத் தேவையே இல்லை. வளவில் மெல்லப் பேசினாலே கேட்கும்.

வகுப்பு முடிந்ததும் பணியாரம் கொடுக்காமல் அனுப்புவதா என்று யாராவது ஒருவர் தொடங்கிவைப்பார். அடுத்த வாரம் இன்னொருவர் கவுனி அரிசியோடு வருவார், அதற்கடுத்தவர் இரண்டு வகை சட்னியோடு வருவார். பாசத்தில் செய்வதுதான் என்றாலும், முறை வைத்துச் செய்ய இயலாதவர்கள் சொல்லாமலே வகுப்பை விட்டு நின்றுவிடுவார்கள். ஒரு டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்வது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். மாதக் கட்டணத்தையும் இப்படியே எல்லாருக்கும் ஏற்றதாக வைத்து, கொடுக்க இயலாதவரிடம் கேட்காமல் விட்டுவிட வேண்டும்.

யாருக்கு என்ன எச்சரிக்கை

சேரும்போதே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, நோய்களையும் சாப்பிடும் மாத்திரைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டு ஆசிரியரிடம் மட்டும் இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யும்போது சர்க்கரை அளவு திடீரென்று இறங்கக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே உட்காரவைத்து, விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். காலையில் எதைச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பதை அவர்கள் தம் மருத்துவரிடமே கேட்டு வருவது நல்லது. நெடுநாள் நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடுவதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்குத் தரையின் அழுத்தம் தெரியாது என்பதால் மேலே சொன்ன எடைச் சோதனை உதவாது. நூலும் சுவரும்தான் உதவும். வெறுங்காலில் சிறு கல் குத்தினாலும் தெரியாது. வகுப்பு முடிந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுச் செருப்புப் போடும் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்துங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுத்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, சில மூச்சுகள் கழித்து எழ வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரின் அனுமதியோடு, பாதங்களை அகற்றி, சுவரருகே சிறிது நேரம் மட்டும் நிற்கலாம். காலில் நரம்பு சுருண்டிருப்பவர்களும் நிற்கும் நேரத்தைக் குறைத்து, இடையிடையே குதிகால்களைத் தூக்கி இறக்குவது நல்லது.

கண்ணை மூடி நிற்கும் பயிற்சியைப் பல ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் உடலை நிலைநிறுத்துகின்றன. கண்ணை மூடினால் மற்ற இரண்டின் மேலேயே முழுப் பொறுப்பும் விழும். வயதானவர்களுக்கு அந்த இரண்டுமே குறைந்திருக்கலாம். இளையவர்கள் கூட, கையெட்டும் தூரத்தில் தூண் இருக்கும்போது மட்டும், திறந்த கண்ணோடு ஒரு நிமிடம் ஆடாமல் நிற்க முடிந்த பிறகு இதைத் தொடங்கட்டும்.

அடுத்த ஆசனத்துக்குப் போகும் காலம்

நாள்கணக்கை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஒருவர் நினைவூட்டாமலே முழங்காலைப் பூட்டாமல் நிற்கிறாரா, பத்து மூச்சு வரை தோள் மேலேறாமல் இருக்கிறதா, எடை ஒரு பக்கம் சாய்ந்தால் தாமே உணர்ந்து திருத்திக்கொள்கிறாரா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றும் வந்துவிட்டவர்களுக்குத் திரிகோணாசனத்தைத் தொடங்கலாம். அதில் இரு கால்களும் தரையில் இருப்பதால், ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்துக்கு முன் அதைக் கற்பிப்பதே பாதுகாப்பு. விருட்சாசனத்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, தூக்கிய பாதத்தைக் கணுக்காலருகே வைத்துத் தொடங்க வேண்டும். பாதத்தை முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் மட்டும் வைக்கக் கூடாது. அதற்குக் கீழே கெண்டைக்காலிலோ மேலே தொடையிலோ வைக்கலாம்.

செட்டிநாட்டு வகுப்புகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் எப்போதும் இருக்கும். கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்கு வந்தவர்கள் மூன்று நாள், நான்கு நாள் மட்டும் வகுப்பில் கலந்துகொள்ள விரும்புவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர்களுக்காக மொத்த வகுப்பையும் பின்னோக்கி இழுக்கவும் வேண்டாம். சில மாதங்கள் பழகிய ஒருவரைத் துணைக்குக் கொடுத்து, தாழ்வாரத்தின் ஓரத்தில் தாடாசனத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். சொல்லிக்கொடுக்கிறவர் தம் முழங்காலையும் அப்போது ஒருமுறை பார்த்துக்கொள்வார். ஊருக்குத் திரும்பும்போது அந்த விருந்தினர் கையில் எடுத்துக்கொண்டு போக எழுத்தில் எதுவும் தேவையில்லை, வீட்டில் ஏதாவது ஒரு சுவரில் குதிகால், புட்டம், தோள்பட்டை, தலை என்ற வரிசையில் தினமும் காலையில் ஒரு நிமிடம் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினால் போதும்.